பயறுச் சாக்குக்குள் பச்சை வேப்பங்குழை

போன கிழமை பக்கத்துக் காணித் தம்பி ஒருவர் பரலைத் திறந்து காட்டினார். "அண்ணை, மருந்து ஒண்டும் போடேல்லை, எல்லாம் இயற்கை." உள்ளே விதைப் பயறு, அதன்மேல் பச்சை வேப்பங்குழை. எனக்கு வயிறு பற்றியெரிந்தது. அதே வேலையைப் பார்த்துத்தான் நானும் கெட்டேன். தானியம் சேமிப்பதில் நாங்கள் விடுகிற பிழைகள் இவை.

பச்சைக் குழை போடுவது

மீள்குடியேறி வந்த புதிதில் ஒரு சாக்கு விதைப் பயறுக்குள் குழையை அடுக்கடுக்காக வைத்து வாயை இறுக்கிக் கட்டினேன். ஒன்றரை மாதத்தில் திறந்தால் ஒரே புழுங்கல் மணம். அடிப்பக்கம் பூஞ்சணம் பிடித்துக் கட்டி கட்டியாய்க் கிடந்தது. மேற்பக்கப் பயறில் வட்ட வட்டமாய்த் துளை.

பச்சை இலையின் ஈரம் தானியத்துக்குள் போகாமல் வேறு எங்கே போகும்? வண்டும் புதிதாக வந்ததில்லை. பயற்று வண்டு வயலிலேயே நெற்றில் முட்டை இட்டுவிடும். புழு மணியைக் குடைந்து உள்ளே இருந்தே வளரும். வெளியே கிடக்கிற இலை அதை என்ன செய்யும்? வேம்பு, புதிதாக வருகிற வண்டை விரட்டத்தான் ஓரளவு உதவும். அந்தப் போகத்துக்கு விதையைக் கடனுக்கு வாங்கினேன். இன்றைக்கும் நினைத்தால் கோபம் வரும்.

இப்போது படங்கில் நன்றாகக் காயவிட்டு, பின்னேரம் சூடு ஆறிய பிறகுதான் கட்டுகிறேன். வேப்பமிலையை நிழலில் நொறுங்கக் காயவைத்துப் போடுகிறேன்; வெயிலில் காய்ந்தால் அதன் வீரியம் போய்விடும். சமையல் பயறென்றால் இலையே வேண்டாம். கிலோவுக்கு 5 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெய் விட்டுப் பிசறினால், மணியில் ஒட்டியிருக்கும் முட்டை மூச்சடைத்துச் சாகும்.

ஈரம் பார்க்காமல் காற்றை அடைப்பது

காற்றுப் புகாத பை நெல்லுக்கு நல்லதுதான். உள்ளே இருக்கிற வண்டே ஒட்சிசனை முடித்துத் தானும் செத்துவிடும். ஆனால் ஈரம் 14 வீதத்தைத் தாண்டியிருந்தால் நெல்லும் பழுதாகும். ஈரம் அளக்கிற மீற்றர் இல்லையென்றால், காய்ந்த போத்தலில் காய்ந்த உப்புத் தூளும் ஒரு பிடி தானியமும் போட்டுக் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் இன்னும் வெயில் வேண்டும். தம்பியின் பயறையும் அப்படிப் பார்த்தோம். ஒட்டியது.

அடிக்கடி திறந்து பார்ப்பது

பையைத் திறந்தால் உள்ளே காற்றுப் போகும், வண்டு பிழைக்கும்.

பழைய சாக்கு

தையலுக்குள் போன வருசத்து வண்டு இருக்கும். கொதிதண்ணீரில் அமத்திக் காயவையுங்கள்.

குளிசை

வண்டைக் கொல்லத் தானியத்துக்குள் வைக்கிற, நச்சு வாயு விடுகிற குளிசை படுக்கிற வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். அந்த வாயு ஆளையும் கொல்லும்.