வாள் அலகு ஹம்மிங் பறவை: நாம் தவறாகப் புரிந்துகொள்பவை

முருங்கைப் பூவில் தேன் குடிக்கும் ஊதாத் தேன்சிட்டைப் படமெடுத்து, ‘ஹம்மிங் பறவை’ என்று பெயரிட்டுப் பகிர்கிறோம். ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்பவை. நம் தேன்சிட்டு வேறு குடும்பம். பெரும்பாலும் காம்பைப் பற்றி உட்கார்ந்துதான் உறிஞ்சும்.

பெயரைச் சரியாகச் சொல்பவர்களும் இருப்பிடத்தில் சறுக்குகிறார்கள். புழுக்கமான அமேசான் சமவெளிதான் இவை எல்லாவற்றுக்கும் வீடு என்று எண்ணிவிடுகிறார்கள். வாள் அலகு ஹம்மிங் பறவை குளிர்ப்பிரதேசத்துப் பறவை. வெனிசுவேலாவிலிருந்து பொலிவியா வரை, ஆண்டீஸ் மலைத்தொடரில், பெரும்பாலும் 2,400 மீட்டருக்கு மேல், பாசி படர்ந்து மேகம் தவழும் காடுகளிலும் அவற்றின் ஓரங்களிலும் வாழ்கிறது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது அந்த அலகைப் பற்றிய தவறு. வாலை விட்டுவிட்டால் உடலைவிட நீளமான அலகு கொண்ட ஒரே பறவை இதுதான். ‘வாள்’ என்ற பெயரைக் கேட்டதும் அதைச் சண்டைக்கான ஆயுதமாக நினைக்கிறார்கள். அது பூவுக்கேற்ப நீண்ட அலகு. ஆண்டீஸில் வளரும் பாசிஃப்ளோரா மிக்ஸ்டா என்ற கொடியின் பூக்குழல் மிக ஆழமானது. அடியில் உள்ள தேனை இந்த அலகுதான் எட்டும், மகரந்தச் சேர்க்கைக்கும் அந்தக் கொடி இப்பறவையையே நம்பியிருக்கிறது. ஊமத்தையின் உறவான, கீழ்நோக்கித் தொங்கும் எக்காளப் பூக்களுக்கு அடியில் அந்தரத்தில் நின்று, அலகை மேலே செலுத்திக் குடிக்கும் அழகே அழகு! ஓவியங்களில் இது அலகைக் கிடையாக நீட்டி அமர்ந்திருக்கும். உண்மையில், அமரும்போது அலகைச் செங்குத்தாக நிமிர்த்திக்கொள்ளும். அவ்வளவு நீள அலகால் தன் இறகைக் கோத முடியாது. காலால்தான் சொறிந்து சீராக்கிக்கொள்கிறது.

நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. ஆணுக்குச் செம்பு நிறத் தலை, பச்சை உடல். ஆனால் அந்த மினுமினுப்பு ஒளி விழும் கோணத்தைப் பொறுத்தது. நிழலில் கறுத்துத் தெரியும். பெண்ணின் அடிப்பகுதி பச்சைப் புள்ளிகளோடு வெளிறியிருப்பதால், வேறு இனம் என்று குறித்துவிடுகிறார்கள்.

தேன் மட்டுமே உணவு என்பதும் சரியல்ல. புரதத்துக்காகச் சிறு பூச்சிகளையும் பறந்தபடியே, அந்த நீண்ட அலகை அகலத் திறந்து பிடிக்கிறது.