இருக்கை நுரை வார்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: கெமிக்கலைக் குறை சொல்லும் முன்

சீட் குஷனில் பள்ளம் விழுந்தாலும் சரி, மேல்தோல் உரிந்தாலும் சரி, லைனில் நிற்பவர்கள் முதலில் கை வைப்பது ஃபார்முலாவில்தான். கேடலிஸ்ட்டை (வினையூக்கி) கொஞ்சம் கூட்டு, நுரை அறைகளைத் தாங்கும் சிலிக்கோனை மாற்று, ஐசோசயனேட்டை ஏற்று என்று ஆளுக்கொரு யோசனை வரும். ஆனால் பாலியாலும் ஐசோசயனேட்டும் வினைபுரிந்து உருவாகும் பாலியூரிதேன் வார்ப்பு நுரையில் வரும் குறைகளில் கணிசமானவை அச்சின் வெப்பத்திலும், காற்றுத் துளையிலும், வெளியே எடுத்தபின் நசுக்கும் விதத்திலும் பிறப்பவை. அந்தக் கோளாறை ரசாயனத்தால் சரிக்கட்டப் போனால் இன்றைக்கு மறைந்து, அடுத்த வாரம் வேறு உருவில் வரும்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி கப் டெஸ்ட். இரண்டும் கலந்து வெளிவரும் மிக்ஸிங் ஹெட்டிலிருந்து நேராக ஒரு காகிதக் கோப்பையில் சிறு ஷாட் (ஒருமுறை ஊற்றும் கலவை) எடுங்கள். கலவை வெளுத்துப் பொங்கத் தொடங்கும் நொடி, முழு உயரத்தை எட்டும் நொடி, தடையில்லாமல் பொங்கிய அந்த நுரையின் அடர்த்தி, இந்த மூன்றையும் குறித்துவையுங்கள். வழக்கமான எண்களோடு ஒத்துப்போனால் ஃபார்முலாவைத் தொடவே வேண்டாம். கோப்பையில் நன்றாக இருப்பது அச்சில் மட்டும் கெட்டுப்போகிறது என்றால் தேட வேண்டிய இடம் அச்சுதான்.

அடர்த்தி வேறு, கடினம் வேறு

வாங்குபவர்கள் செய்யும் முதல் தவறு இது. "அடர்த்தி கூடினால் கெட்டியான சீட்" என்று நினைத்து, ஸ்பெக்கில் அடர்த்தியை மட்டும் எழுதி அனுப்பிவிடுவார்கள். கார் இருக்கையின் குஷன் பொதுவாகக் கனமீட்டருக்கு 45 முதல் 65 கிலோ வரையும், முதுகுப் பகுதி அதைவிடக் குறைவாகவும் இருக்கும். ஒரே 50 கிலோ அடர்த்தியில் மெத்தென்ற நுரையும் செய்யலாம், விறைப்பான நுரையும் செய்யலாம். கடினத்தைத் தீர்மானிப்பவை பாலிமர் பாலியாலின் (திடப் பாலிமர் துகள் கலந்த பாலியால்) பங்கு, ஐசோசயனேட் இண்டெக்ஸ் (கணக்குப்படி தேவையான ஐசோசயனேட்டில் எத்தனை சதவீதம் சேர்க்கிறோம் என்பது), குறுக்கிணைப்பானின் அளவு ஆகியவை. அடர்த்தி பெரும்பாலும் உழைப்பைச் சொல்கிறது: எத்தனை ஆயிரம் முறை அமுங்கி எழுந்தாலும் உயரத்தையும் விறைப்பையும் எவ்வளவு தக்கவைக்கும் என்பதை. அதுவும் எடை முழுக்கப் பாலிமராக இருந்தால்தான். சுண்ணாம்புத்தூள் மாதிரி நிரப்பியைப் போட்டு ஏற்றிய அடர்த்தி தராசைத் திருப்திப்படுத்துமே தவிர, சீட்டைக் காப்பாற்றாது.

கடினத்தையும் ஒற்றை எண்ணாகக் கேட்கக் கூடாது. 25 சதவீதம் அமுக்கத் தேவையான விசை ஒன்று, 65 சதவீதத்துக்குத் தேவையான விசை இன்னொன்று. பின்னதை முன்னதால் வகுத்தால் வருவது சேக் ஃபேக்டர். நல்ல ஹெச்ஆர் (அதிக மீள்திறன்) நுரையில் இது 2.5-க்கு மேல், பல சமயம் 3-ஐ ஒட்டி இருக்கும். இந்த விகிதம் குறைந்த நுரை, உட்கார்ந்தவுடன் கெட்டியாகத் தோன்றும். எடை முழுதும் இறங்கியதும் அடித்தட்டு இடிக்கும். 25 சதவீத எண்ணை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்த சீட்டில் வரும் புகார் இதுதான்.

டிடிஐ, எம்டிஐ இரண்டும் ஐசோசயனேட் வகைகள். டிடிஐ ஃபார்முலாவை அப்படியே எம்டிஐ-க்கு மாற்றுவதும் நடக்காத காரியம். டிடிஐ குறைந்த அடர்த்திக்கு எளிதில் இறங்கும். எம்டிஐ சீக்கிரம் கெட்டிப்படும், இண்டெக்ஸை ஏறக்குறைய 80 முதல் 100 வரை நகர்த்தியே கடினத்தைப் பெரிய அளவில் மாற்றலாம். ஒரே ஷாட்டில் நடுப்பகுதி மென்மையாகவும் ஓரங்கள் விறைப்பாகவும் வார்க்க நினைப்பவர்களுக்கு அது வசதி. ஆனால் வினையூக்கி, சிலிக்கோன், அச்சு வெப்பம் எல்லாமே இரண்டுக்கும் வேறு வேறு.

தண்ணீரைச் சின்ன விஷயமாக எண்ணுவது

நுரையைப் பொங்க வைப்பது தண்ணீர். ஐசோசயனேட்டோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. 100 பங்கு பாலியாலுக்கு மூன்று பங்கு சொச்சம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் நிலைமை வேறு.

ஹைட்ராக்சில் எண் (வினைபுரியும் முனைகளின் அளவு) 35 உள்ள பாலியால் 100 பங்கு, தண்ணீர் 3.2 பங்கு, குறுக்கிணைப்பானான டைஎத்தனாலமின் 1 பங்கு என்று வைத்துக்கொள்வோம். பாலியாலின் சமானம், அதாவது ஐசோசயனேட்டோடு வினைபுரியும் அலகுகளின் அளவு, 35-ஐ 56,100-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 0.062. தண்ணீருக்கு 3.2-ஐ 9-ஆல் வகுக்க, 0.356. டைஎத்தனாலமினுக்கு 1-ஐ 35-ஆல் வகுக்க, 0.029. கூட்டினால் 0.447. இதை டிடிஐ-யின் சமான எடையான 87-ஆல் பெருக்கினால், இண்டெக்ஸ் 100-க்குத் தேவையான டிடிஐ சுமார் 38.9 பங்கு. இதில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு தண்ணீருக்கே போகிறது.

இப்போது பாலியால் டிரம்மின் மூடி திறந்தே கிடந்து, ஈரப்பதம் 0.1 பங்கு ஏறிவிட்டது என்போம். அந்த ஈரத்துக்கு மட்டும் ஏறக்குறைய ஒரு பங்கு டிடிஐ கூடுதலாக வேண்டும். யாரும் சேர்க்கவில்லை. இண்டெக்ஸ் 100-லிருந்து 97.6-க்கு இறங்கிவிடுகிறது. நுரை கொஞ்சம் இலகுவாகிறது, கொஞ்சம் மென்மையாகிறது. ஆபரேட்டர் "ஐசோ குறைகிறது" என்று விகிதத்தை ஏற்றுகிறார். அடுத்த டிரம் உலர்ந்ததாக வந்தால் சீட் கட்டையாக வருகிறது. ஒவ்வொரு தொகுதிப் பாலியாலுக்கும் கார்ல் ஃபிஷர் முறையில் ஈரம் பார்த்து, அந்த அளவைச் சேர்க்கும் தண்ணீரிலிருந்து கழித்துவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் நிற்கும். ஃபார்முலா தாளில் எழுதியிருக்கும் தண்ணீர், மொத்தத் தண்ணீர் என்பதை மறக்கவே கூடாது.

சேமிப்பில் இன்னொரு பொறி இருக்கிறது. 80/20 டிடிஐ (2,4, 2,6 என்ற இரு ஐசோமர் வடிவங்கள் 80-க்கு 20 கலந்தது) 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். முதலில் படிகமாவது 2,4 ஐசோமர். பாதி உறைந்த டிரம்மிலிருந்து மேலே இருக்கும் திரவத்தை மட்டும் உறிஞ்சினால் ஐசோமர் விகிதம் மாறிப்போன சரக்கு லைனுக்கு வரும். வினை வேகம் காரணம் தெரியாமல் மாறும். டிரம்மை மெல்லச் சூடாக்கி, முழுதும் உருகியபின் நன்றாகக் கலக்கிய பிறகே எடுக்க வேண்டும்.

ஹெட்டில் நடப்பதைப் பார்க்காமல் விடுவது

உயர் அழுத்த எந்திரத்தில் இரண்டு ஓடைகளும் நூற்றுக்கு மேற்பட்ட பார் அழுத்தத்தில் எதிரெதிரே மோதித்தான் கலக்கின்றன. ஒரு நாசில் கொஞ்சம் அடைத்தாலும் மோதும் இடம் நடுவிலிருந்து விலகும். நுரையில் கோடு கோடாக நிறம் வேறுபடும். ஊற்றத் தொடங்கிய இடத்தில் மட்டும் பிசுபிசுப்பான திட்டு இருந்தால், பாலியால் ஒரு கணம் முந்தி வந்திருக்கிறது. அதே இடம் கெட்டியாக, நொறுங்கும்படி இருந்தால் முந்தியது ஐசோசயனேட். இரண்டுக்கும் மருந்து அழுத்தச் சமன்பாடும் வால்வு நேரமும்தான். இண்டெக்ஸை மாற்றி இதைச் சரிசெய்ய முயல்வது வீண் வேலை. மூலப்பொருள் வெப்பத்தை 22 முதல் 26 டிகிரிக்குள் ஒரு புள்ளியில் பிடித்து, ஒரு டிகிரிக்கு மேல் அலையவிடாதீர்கள். பாலிமர் பாலியால் குளிர்ந்தால் சட்டென்று பாகுத்தன்மை ஏறும், கலப்பும் கெடும்.

அச்சு வெப்பத்தைப் பேனலில் படிப்பது

கன்ட்ரோல் பேனலில் 62 டிகிரி என்று காட்டும். அது பெரும்பாலும் சுற்றிவரும் வெந்நீரின் வெப்பம். நுரை தொடுவது அலுமினியப் பரப்பை. நீர்ப்பாதையில் உப்புப் படிந்திருந்தாலோ, மூடி நெடுநேரம் திறந்து நின்றாலோ, பரப்பு பல டிகிரி குறைந்திருக்கும். தொடு முனை வெப்பமானியால் கிண்ணத்தில் (அச்சின் கீழ்ப்பாதி) ஐந்தாறு இடம், மூடியில் ஐந்தாறு இடம் அளந்து பாருங்கள். டிடிஐ முறைக்கு 60 முதல் 70 டிகிரி, எம்டிஐ-க்கு அதைவிடச் சுமார் 10 டிகிரி குறைவு என்பது வழக்கமான எல்லை.

அச்சு குளிர்ந்திருந்தால் பரப்பை ஒட்டிய அடுக்கு முழுதாக வினைபுரியாமல் தடித்த தோலாகும், எடுக்கும்போது உரியும். மிகவும் சூடாக இருந்தால் பரப்பில் வினை முந்திக்கொள்ளும். கலவை ஓரங்களுக்கு ஓடிச் சேருவதற்குள் இறுகி, மூலைகள் நிரம்பாமல் நிற்கும். இங்கேதான் பலர் கேடலிஸ்ட்டைக் குறைக்கிறார்கள். அப்போது ஓட்டம் சரியாகும், ஆனால் எடுக்கும் நேரம் நீண்டு, பீஸ் விரல் பட்டாலே தடம் பதியும் பதத்தில் வெளியே வரும்.

நுரை அச்சில் ஒட்டாமலிருக்க ரிலீஸ் ஏஜென்ட் தெளிப்பதிலும் "கொஞ்சம் தாராளமாக அடி" என்பதே வழக்கமாகிவிட்டது. மெழுகு தேங்கிய இடத்தில் நுரைச் சுவர் உடைந்து தோலுக்கு அடியில் குழி விழும். நீர் சார்ந்த ரகத்தில் ஈரம் உலரும் முன் ஊற்றினால், அந்த நீரும் ஐசோசயனேட்டோடு சேர்ந்து பரப்பைக் கடினமாக்கும். மெல்லிய, சீரான படலம் போதும். குழி விழும் இடமும் தெளிப்பான் நின்று திரும்பும் இடமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

குழியை எடையால் நிரப்புவது

இருக்கை அச்சில் பயணி உட்காரும் பக்கம் கீழே கிண்ணத்தில் இருக்கும், அடிப்பக்கம் மூடியில். பொங்கும் நுரை காற்றைத் தள்ளிக்கொண்டு மேலே போகிறது. மூடியின் மிக உயரமான புள்ளிகளில், நுரைக்குள் பதிக்கும் கம்பிக்கான பள்ளங்களின் முனைகளில், காற்று சிக்கும். அங்கே வென்ட் (காற்றுத் துளை) இல்லையென்றால், அல்லது போன சுற்றின் நுரை வென்ட்டில் அடைத்து நின்றால், அதே இடத்தில் ஒவ்வொரு பீஸிலும் வெற்றிடம் வரும்.

இதற்கு ஷாட் எடையைக் கூட்டுவதுதான் தொழிலில் மிகவும் பரவிய தவறு. 20 லிட்டர் கொள்ளளவுள்ள குஷன் 50 கிலோ அடர்த்தியில் ஒரு கிலோ இருக்கும். குழியை மறைக்க 60 கிராம் சேர்த்தால் அடர்த்தி 53 ஆகிறது. கடினமும் ஏறுகிறது, அச்சுக்குள் அழுத்தம் ஏறி ஃப்ளாஷ் (அச்சின் இணைப்பில் பிதுங்கும் நுரை) தடிக்கிறது, நுரையின் நுண்ணறைகள் இன்னும் மூடிக்கொண்டு நசுக்குவது சிரமமாகிறது. இத்தனைக்கும் சிக்கிய காற்று அங்கேயே சின்னதாகி உட்கார்ந்திருக்கும். செய்ய வேண்டியது, அந்தப் புள்ளியில் இரண்டு மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை, அல்லது காற்றை மட்டும் விட்டு நுரையைப் பிடிக்கும் மெல்லிய பட்டை வென்ட். துளையைப் பெரிதாக்குவதும் ஆகாது. நுரை பீறிட்டு வெளியேறி, உள்ளழுத்தம் இறங்கி, துளையைச் சுற்றி அறைகள் சிதைந்து கரடாகும்.

குழி ஒவ்வொரு பீஸிலும் இடம் மாறிக்கொண்டே வந்தால் வென்ட்டை விட்டுவிட்டு ஊற்றும் பாதையைப் பாருங்கள். ரோபோ ஒரே இடத்தில் கொட்டினாலோ, இரண்டு முனைகள் பொங்கி நடுவில் சந்திப்பதற்குள் ஒன்று இறுகிவிட்டாலோ இப்படி நேரும். இன்செர்ட் கம்பியும் முதுகுப்புற நெய்யாத் துணியும் சரியாக உட்காராமல் ஓட்டத்தை மறிப்பதும் உண்டு. பிடிக்கும் காந்தங்களில் நுரைத்துணுக்கு ஒட்டியிருந்தால் கம்பி எழும்பி நிற்கும்.

நசுக்குவதைத் தள்ளிப்போடுவது

ஹெச்ஆர் வார்ப்பு நுரை அச்சை விட்டு வரும்போது அதன் அறைகள் பல மூடியே இருக்கும். உள்ளே சூடான கார்பன் டை ஆக்சைடு. அது வெளிக்காற்று உள்ளே வருவதைவிட வேகமாகச் சுவர் வழியே கசியும், கூடவே குளிர்ந்து சுருங்கவும் செய்யும். உள்ளழுத்தம் இறங்கியதும் வெளிக்காற்று பீஸை அமுக்கி, ஓரங்கள் உள்வாங்கி, மேற்பரப்பு சுருக்கம் விழும். எடுத்து ஓரிரு நிமிடங்களுக்குள் உருளையிலோ வெற்றிட அறையிலோ நசுக்கி அறைகளைத் திறந்தாக வேண்டும். இடைவேளைக்கு ஆட்கள் போனபோது கன்வேயரில் நின்ற நாலு பீஸ் மட்டும் சுருங்கியிருந்தால் அதற்கு ஃபார்முலா பதில் சொல்ல முடியாது.

ஒரேயடியாக 90 சதவீதம் அமுக்குவதும் தவறு. இன்னும் முழுதாக இறுகாத நுரை உள்ளே கிழியும், வெளியே தெரியாது. முதல் உருளை பாதி அளவுக்கு, அடுத்தடுத்தவை கூடுதலாக என்று படிப்படியாகப் போக வேண்டும். அச்சிலேயே, வார்த்த 90 முதல் 150 நொடிக்குள் மூடியின் அழுத்தத்தைக் கணநேரம் விடுவிக்கும் முறை இருந்தால், அறைகள் அங்கேயே வெடித்துத் திறந்து, பின்னால் நசுக்கும் வேலை வெகுவாகக் குறையும். அந்த நொடி சற்று முந்தினால் நுரை அமர்ந்துவிடும், பிந்தினால் எந்தப் பயனும் இல்லை. கோடையிலும் குளிரிலும் அந்த நேரத்தை மறுபடி பார்க்க வேண்டும். சுருங்கலுக்குப் பயந்து அறை திறக்கும் பாலியாலைக் கொட்டுபவர்கள், அடித்தளத்தில் அமரும் நுரையைப் பிறகு சந்திப்பார்கள்.

அவசரச் சோதனை

காலையில் வார்த்த பீஸை மதியம் அமுக்கிப் பார்த்து "மென்மையாக இருக்கிறது" என்று இண்டெக்ஸ் ஏற்றுவது நடக்கிறது. நுரை முழுப் பலம் பெற நாட்கள் ஆகும். நுரையின் கடினத்தை அளக்கும் ஐஎஸ்ஓ 2439 பொதுவாக 72 மணி நேரம் கழிந்தபின் அளக்கச் சொல்வது இதனால்தான். உற்பத்தியில் அவ்வளவு காத்திருக்க முடியாதுதான். அப்படியானால் ஒரு மணி நேர எண்ணுக்கும் 72 மணி நேர எண்ணுக்கும் உள்ள உறவை உங்கள் பீஸிலேயே அளந்து வைத்துக்கொண்டு, எப்போதும் ஒரே வயதுள்ள பீஸ்களை ஒப்பிடுங்கள். அளக்கும் முன் சில முறை அமுக்கி விடுவிக்கும் படியையும் தாண்டக் கூடாது.

நிரந்தர அமுங்கல் சோதனையில் 70 டிகிரி, 22 மணி நேர உலர் முறையோடு நின்றுவிடுபவர்கள் அதிகம். ஈரமுறையில், அதாவது 50 டிகிரியும் 95 சதவீத ஈரப்பதமும் வைத்துப் பார்த்தால், உலர் முறையில் தேறிய நுரை தோற்பதுண்டு. வெயிலில் மூடிக்கிடந்து, வியர்வையோடு அமரும் இருக்கைக்கு அந்த எண்தான் நெருக்கமானது. அமெரிக்க வாகனத் தீப்பரவல் சோதனையான எஃப்எம்விஎஸ்எஸ் 302-இல் நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டர் எல்லை. இருக்கையின் மேலுறையும் நுரையும் தனித்தனியே தேறி, இரண்டையும் ஒட்டியபின் தோற்பதும் உண்டு. முழுப் பரப்பும் ஒட்டியிருந்தால் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

வாசனையை நம்புவது

"வாசனை வரவில்லை, அதனால் பிரச்சினை இல்லை" என்பது ஆபத்தான நம்பிக்கை. டிடிஐ மூக்குக்குத் தெரியும் அளவு, பாதுகாப்பு எல்லையை விட மிக அதிகம். ஒருவருக்கு ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் அதன்பின் நுண்ணளவே மூச்சுத்திணறலைக் கொடுக்கும். அவர் அந்த வேலைக்குத் திரும்ப முடியாது. ஊற்றும் இடத்திலும் மூடி திறக்கும் இடத்திலும் உறிஞ்சு காற்றோட்டம் கட்டாயம். சிந்திய ஐசோசயனேட்டை 5 முதல் 10 சதவீத சோடியம் கார்பனேட்டும் சிறிது சோப்புத் திரவமும் கலந்த நீரால் நடுநிலையாக்கலாம். அந்தக் கழிவை அள்ளிய டிரம்மை இறுக மூடக் கூடாது. உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஊறிக்கொண்டே இருக்கும், இரவில் டிரம் வெடித்துவிடும். மூடியைத் தளர்வாக வைத்து, திறந்த வெளியில் ஓரிரு நாள் விட்ட பிறகே அகற்ற வேண்டும்.