உறைபனிக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி

உதகை அருகே பள்ளத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில், டிசம்பர் கடைசியில் ஒரே இரவு விழுந்த உறைபனி, இரண்டு பாத்தி முட்டைக்கோஸ் நாற்றுகளை வெந்த கீரைபோல் கருக்கிவிட்டது. மறுவாரமே, வீடு பழுதுபார்த்தபோது கழற்றி வைத்திருந்த பழைய ஜன்னல் கதவொன்றை மூடியாகக் கொண்டு, சில்வர் ஓக் பலகைகளால் அடியில்லாத பெட்டி ஒன்றைச் செய்தேன். பின்பக்கம் 45 செ.மீ., முன்பக்கம் 30 செ.மீ. உயரம் வைத்துச் சரிவைத் தெற்கு நோக்கி அமைத்ததால், குளிர்கால வெயில் உள்ளே நன்றாக இறங்கியது, மழைநீரும் தேங்கவில்லை.

தவறு மூடியில் இல்லை, மூடியே வைத்திருந்ததில்தான் இருந்தது. மூன்றாம் நாள் பதினொரு மணிக்குத் திறந்தபோது முகத்தில் இட்லிக் கொப்பரை ஆவிபோல் அடித்தது. நாற்றுகள் துவண்டிருந்தன, சிலவற்றின் தண்டு மண்மட்டத்தில் அழுகியும் இருந்தது. அன்றிலிருந்து காலை ஒன்பது மணிக்கு ஒரு சாண் குச்சியை முட்டுக் கொடுத்துத் திறந்து, வெயில் சாய்வதற்குள் மூடிவிடுகிறேன். தண்ணீரும் காலையில் மட்டுமே.

மேகமில்லாத இரவுகளில் நிலத்தின் வெப்பம் வானை நோக்கி வெளியேறிவிடுவதால் கண்ணாடி மட்டும் போதவில்லை. அதன்மேல் இரட்டைச் சாக்கு விரித்தேன். உள்ளே, கறுப்புச் சாயம் பூசிய நான்கு பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி வைத்தேன். பகலில் சூடேறும் அவை இரவில் மெல்ல ஆறுகின்றன. பொங்கலுக்கு முந்தைய வாரம் சாக்கின்மேல் வெள்ளைப் பொடியாய்ப் பனி படிந்திருந்த காலையிலும், உள்ளே நாற்றுகள் நிமிர்ந்தே நின்றன.