நிதி திரட்டும் சைக்கிள் பயணத்தில், முகம் தெரியாதவர்கள் தரும் உதவியை வாங்கிக்கொள்வது எப்படி

குழந்தைகளின் புற்றுநோய் சிகிச்சைக்காக நிதி திரட்ட, சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக சைக்கிளில் போய்விட்டு வந்தேன். கியர், டயர், சீட் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். வழியில் ஒருவர் பைக்கை நிறுத்தி "வாங்க தம்பி, சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்று கூப்பிட்டால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் வேலை, சைக்கிளின் பின்னால் ஒரு பலகை. தமிழில், கொட்டை எழுத்தில், எங்கிருந்து எங்கே போகிறீர்கள், எதற்காக, எந்த அறக்கட்டளைக்கு என்று மூன்று வரி போதும். நான் முதல் நாள் ஆங்கிலத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தேன், எல்லோரும் பார்த்துவிட்டுப் போனார்கள். புதுச்சேரியில் அதை மாற்றினேன். கடலூர் தாண்டுவதற்குள் மூன்று டீக்கடைகளில் காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

பலகையைப் பார்த்ததும் சிலர் பத்து, இருபது ரூபாயைக் கையில் திணிப்பார்கள். அறக்கட்டளையின் கியூஆர் கோடை லேமினேட் செய்து ஹேண்டில்பாரில் தொங்கவிடுங்கள், உங்கள் சொந்தக் கணக்கின் கோடு வேண்டவே வேண்டாம். ரொக்கமாகத் தருபவர்களுக்காக அறக்கட்டளையின் ரசீதுப் புத்தகம் ஒன்றும் பையில் இருக்க வேண்டும். பத்து ரூபாய்க்கும் ரசீது எழுதுங்கள், அந்தச் சின்னத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

இதில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம், உங்களுக்குத் தருவது வேறு, குழந்தைகளுக்குத் தருவது வேறு. வேதாரண்யம் தாண்டி ஆணி குத்தி பின் டயர் உட்கார்ந்துவிட்டது. தள்ளிக்கொண்டே போய் ஒரு பஞ்சர் கடையைப் பிடித்தேன். கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, துடைத்து, ராவி, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை வாயால் ஊதிக்கொண்டே பலகையைப் படித்தார். காசு கொடுத்தால் வாங்கவில்லை. "அதைப் பிள்ளைங்க கணக்குல சேர்த்துடுங்க தம்பி" என்றார். இப்படிச் சொன்னால் அது அவருடைய நன்கொடை, அவர் பெயரிலேயே ரசீது எழுத வேண்டும். டீக்கடைக்காரர் "வேண்டாம், போங்க" என்று மட்டும் சொன்னால் அது உங்களுக்குத் தந்த டீ. வற்புறுத்தாமல் குடித்துவிட்டு, அதே கடையில் இரண்டு வாழைப்பழம் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பஞ்சர் என்றதும் இன்னொன்று. உங்கள் டியூபில் மெல்லிசான பிரெஸ்டா வால்வு இருந்தால் ஊர்ப்பக்கக் கடைகளின் காற்றுக் குழாய் அதில் சேராது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போடுங்கள், அது இல்லையென்றால் உதவ மனதிருந்தும் அவரால் உதவ முடியாது. ரோடு சைக்கிள்களின் சக்கர அளவான 700சி டியூப் சின்ன ஊர்களில் கிடைப்பது கஷ்டம், அதையும் இரண்டு எடுத்துப் போங்கள்.

தொண்டிக்குத் தெற்கே தேவிபட்டினம், சாயல்குடி வரை நிழல் குறைவு, ஊருக்கு ஊர் இடைவெளியும் அதிகம். ராமநாதபுரம் மாவட்டத்தில் குடிதண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற ஊர்கள் இருக்கின்றன. அங்கே ஒரு அம்மா செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து தந்தால், அவர் தருவது விலைக்கு வாங்கிய தண்ணீராக இருக்கலாம். குடியுங்கள், ஒரு பாட்டில் நிரப்பிக்கொள்ளுங்கள், நான்கு பாட்டிலையும் நீட்டாதீர்கள். முகம் கழுவவும் கேட்காதீர்கள். உடன்குடிப் பக்கம் பதநீர் சீசனில் பனை ஓலைப் பட்டையில் ஊற்றித் தந்தால் காலையிலேயே குடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் புளித்துவிடும். சாப்பாடு அதிகமாக வைத்தால் "வேண்டாம்" என்று இலையை மூடாமல் "பாதி போதும்மா" என்று சொல்லிப் பாருங்கள், யாருக்கும் மனசு கஷ்டப்படாது.

இரவு தங்க இடம் கேட்பதாக இருந்தால் மாலை ஐந்து மணிக்குள் கேளுங்கள். இருட்டியபின் வந்து நிற்கிறவரை உள்ளே விடலாமா என்று யோசிக்க அவர்களுக்கும் நேரம் வேண்டுமில்லையா? டீக்கடையில் விசாரித்தால் கோயில் மண்டபமா, சர்ச் வளாகமா, பெட்ரோல் பங்கா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அடையாள அட்டையை, கேட்பதற்கு முன்பே நீங்களாக எடுத்துக் காட்டுங்கள். தனியாகப் போகும் பெண்கள், பெண்கள் இருக்கிற வீட்டில் பேசுவது நல்லது, தங்கும் இடத்தை வீட்டுக்கும் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

மறுக்க வேண்டிய உதவியும் உண்டு. ஓடுகிற லாரியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரச் சொன்னால் கூடவே கூடாது. டெம்போவில் ஏற்றிக்கொள்கிறேன் என்றால், உடம்பு முடியாத நாளில் ஏறலாம், தப்பில்லை. ஆனால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பணம் தருவதாகச் சொன்னவர்களிடம் அந்தத் தூரத்தைக் கழித்துச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், ஒரு சின்ன நோட்டில் பெயர், ஊர், அவர்களே விரும்பித் தந்தால் போன் நம்பர், என்ன தந்தார்கள் என்று அன்றன்றைக்கே எழுதுங்கள், மறுநாள் ஊர்கள் குழம்பிவிடும். கன்னியாகுமரி போய்ச் சேர்ந்த அன்றே ஒவ்வொருவருக்கும் போன் செய்யுங்கள், வாட்ஸ்ஆப் இல்லாதவர்களும் இருப்பார்கள். பஞ்சர் கடைக்காரரை நான் கூப்பிட்டபோது பெயரைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, "போய்ச் சேர்ந்துட்டீங்களா தம்பி? டியூப் தாங்குச்சா?" என்றுதான் கேட்டார்.