உங்கள் தோட்டத்து மண் எந்த வகை? கையால் பிசைந்தே கண்டுபிடிக்கலாம்

செம்மண் ஊரில் வளர்ந்தவள் நான். தினமும் ஒரு குடம் ஊற்றினால்தான் செடி பிழைக்கும் என்பது அங்கே பழகிய பழக்கம். கோவில்பட்டிக்குக் குடிவந்த வருடம் முருங்கைப் போத்து ஒன்றை நட்டு, அதே மாதிரி ஊற்றினேன். அடி அழுகிப் போனது. அது கரிசல் என்று தெரியும். கரிசல் என்றால் என் கை என்ன மாற வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

மண்ணை இரண்டு விதமாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, பிறப்பும் அடுக்குகளும் பார்த்துப் பிரிப்பது. அமெரிக்க வேளாண் துறையின் முறையில் இப்படி 12 பெரும் பிரிவுகள் உண்டு. கரிசல் அதில் ‘வெர்டிசால்’. புரட்டுதல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். கோடையில் வெடிப்பு விழுந்து, மேல்மண் அதற்குள் சரிந்து, மழையில் மறுபடி உப்பி, தன்னைத்தானே புரட்டிக்கொள்ளும் மண் அது. எவ்வளவு பொருத்தமான பெயர்!

இன்னொன்று, துகளின் அளவு பார்த்துப் பிரிப்பது. தோட்டக்காரருக்கு முதலில் வேண்டியது இதுதான். 2 மி.மீ. முதல் 0.05 மி.மீ. வரை மணல், 0.002 மி.மீ.க்கும் கீழே களி, இடைப்பட்டது வண்டல். (ஆற்றோர வண்டல் மண்ணுக்கும் இதே பெயர்தான், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) மூன்றும் அளவாகக் கலந்தது இருமண்பாடு. தண்ணீர் நிற்குமா, ஓடுமா என்பதை இந்தக் கலவைதான் முடிவு செய்கிறது.

1. மண் எடுப்பது

மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு 15 செ.மீ. ஆழத்துக்கு ‘வி’ வடிவில் குழி வெட்டுங்கள். குழியின் பக்கச் சுவரை மேலிருந்து கீழாகச் சீவி எடுங்கள். நான்கைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, கல்லைப் பொறுக்கிவிடுங்கள். நகரத்து மனைகளில் பெரும்பாலும் சவுடு கொட்டி மேடாக்கியிருப்பார்கள். அங்கே ஊர் மண்ணின் பெயரை நம்பிப் பயனில்லை. நிறம் மாறும் வரை தோண்டி, இரண்டு மண்ணையும் தனித்தனியாகப் பாருங்கள்.

2. பிசைந்து பார்ப்பது

ஒரு கைப்பிடி மண்ணில் தண்ணீர் தெளித்து, சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். உருண்டையே பிடிக்க வரவில்லையா? மணல். உருண்டை வந்தால், கட்டைவிரலால் ஆள்காட்டி விரல்மேல் தள்ளித் தள்ளி நாடாவாக நீட்டுங்கள். 2.5 செ.மீ. ஆவதற்குள் அறுந்தால் இருமண்பாடு. 5 செ.மீ. வரை தாங்கினால் களி கலந்த இருமண்பாடு. அதையும் தாண்டினால் களிமண். முதல் தடவை சரியாக வராது. ஈரத்தைக் கூட்டிக் குறைத்து மூன்று முறை செய்யுங்கள்.

3. பாட்டில் சோதனை

நேர்ச்சுவருள்ள கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு காய்ந்த, பொடித்த மண். மீதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை பாத்திரம் தேய்க்கும் பொடி. நன்றாகக் குலுக்கி ஆடாமல் வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிவது மணல், இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல், ஓரிரு நாளில் படிவது களி. ஒவ்வொரு முறையும் பாட்டிலில் கோடு போடுங்கள். மொத்தம் 10 செ.மீ.யில் மணல் 4, வண்டல் 4, களி 2 என்றால் அருமையான இருமண்பாடு.

4. வினிகர் சொட்டு

காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. கரிசலில் இது சகஜம். அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேருக்கு எட்டாது. இட்லிப்பூச் செடியின் இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிவது அதனால்தான். அதைத் தொட்டியில் வைத்துக்கொள்வது நல்லது.

5. இனி என்ன செய்வது?

களிமண்ணில் மணல் கொட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு சதுர மீட்டரில் 15 செ.மீ. ஆழ மண் ஏறக்குறைய 200 கிலோ இருக்கும். அதன் குணத்தை இரண்டு சட்டி மணல் மாற்றாது. மட்கிய தொழுவுரம்தான் இரு பக்கமும் உதவும்: களியைப் பொலபொலப்பாக்கும், மணலில் ஈரம் பிடித்து வைக்கும்.

தண்ணீர் சீக்கிரம் வடியும் செம்மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி ஊற்றுங்கள். நம் வெயிலில் மட்கு சீக்கிரம் கரைந்துவிடும், அதனால் ஒவ்வொரு பட்டத்துக்கும் உரம் வேண்டும். களி மிகுந்த கரிசலில் மேட்டுப்பாத்தி போடுங்கள். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஈரமாக இருக்கும்போது மிதிக்கவோ கொத்தவோ கூடாது. கட்டி கட்டியாக இறுகிவிடும். வெடிப்பு வேரை அறுக்காமலிருக்க மூடாக்கு அவசியம். மிளகாயும் கொத்தமல்லியும் அங்கே கொண்டாட்டமாக வளரும். காவிரி டெல்டாவின் வண்டலில் வடிகாலை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். நீலகிரி மண் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை உள்ளது. தேயிலைக்கு அது பிடிக்கும், பீட்ரூட்டுக்குச் சுண்ணாம்பு இட வேண்டும்.

தரையில் வெள்ளை பூத்திருந்தால் கை வைத்தியம் வேண்டாம். உவர் மண்ணுக்கு நல்ல தண்ணீர் கட்டி உப்பை வடித்துவிட வேண்டும், சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு ஜிப்சம் வேண்டும். இரண்டையும் பிரித்துச் சொல்ல மண் பரிசோதனை நிலையத்தால்தான் முடியும். நிழலில் உலர்த்திய அரை கிலோ மண்ணைத் துணிப்பையில் கட்டி, பக்கத்து வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். பழைய உரச் சாக்கில் மட்டும் போட்டுக் கொண்டுபோகாதீர்கள், ஒட்டியிருக்கும் உரம் முடிவையே மாற்றிவிடும்.