கொடிக்காய்களுக்கு எந்த வலை, என்ன கயிறு?

வலை வாங்குமுன் முதலில் பார்க்க வேண்டியது கொடி எதைக் கொண்டு ஏறுகிறது என்பதை. பாகல், புடலை, பீர்க்கன், வெள்ளரி, சுரை, பட்டாணி இவையெல்லாம் பற்றுக்கம்பி (சுருண்டு பிடிக்கும் மெல்லிய பச்சை இழை) விட்டுப் பிடிப்பவை. மெல்லிய பிடி கிடைத்தால்தான் பற்றுக்கம்பி சுற்றும். 2 முதல் 4 மி.மீ. தடிமனுள்ள நூலோ கம்பியோ அதற்கு வசதி. கட்டைவிரல் பருமனுள்ள மூங்கிலைத் தொட்டால் சுற்ற முடியாமல் நழுவிவிடும். வெள்ளரிக் கொடியை ஒருமுறை கிட்டத்தில் பாருங்கள். நுனி பிடித்ததும் நடுப்பகுதி ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டிருக்கும். பாதிச் சுருள் ஒரு திசையிலும் மீதி எதிர்த் திசையிலும் போகும். காற்றடிக்கும்போது இந்தச் சுருள் நீண்டு கொடுப்பதால்தான் கொடி அறுவதில்லை. இவற்றுக்குக் கை நீட்டிய இடமெல்லாம் பிடி வேண்டும், ஆகவே வலைதான் சரி.

கொடி பீன்ஸ், கொடி அவரை, காராமணி, கொடிப்பசலை ஆகியவற்றில் தண்டே சுற்றிக்கொண்டு ஏறும். இவற்றுக்கு வலை வாங்குவது வீண் செலவு. 15 முதல் 20 செ.மீ. இடைவெளியில் செங்குத்தாகக் கயிறு கட்டினால் போதும். குறுக்குக் கயிறு அவற்றுக்கு ஒரு பயனும் தராது. இங்கே கயிறு சொரசொரப்பாக இருப்பது முக்கியம். வழுவழுப்பான பிளாஸ்டிக் கயிற்றில் காய்ப் பாரம் ஏறியதும் கொடி மொத்தமாக வழுக்கி இறங்கி, அடியில் மடிந்து கிடக்கும்.

தக்காளி எதையும் பிடிக்காது. எந்த வலை போட்டாலும் துணிக் கீற்றால் 8 வடிவில், தண்டுக்கும் வலைக்கும் நடுவில் துணி குறுக்கிடும்படி, நாம்தான் கட்டிவிட வேண்டும்.

வலைக்கண் அளவு

பொதுவாக 15 செ.மீ. சதுரக் கண் உள்ள வலையை வாங்குங்கள். காயைப் பிடித்த கை மறுபக்கத்திலிருந்து வெளியே வர வேண்டும், அதற்காகத்தான் இந்த அளவு. வெள்ளரிக்கு 10 செ.மீ. போதும். பட்டாணிக்கு 5 செ.மீ. இருந்தாலும் குறையில்லை, அதன் காய் சிறியது.

கண் சிறியதாக இருந்தால் பாகற்பிஞ்சு விரல் பருமனில் இருக்கும்போதே உள்ளே நுழைந்து, அங்கேயே பருத்து, இடுப்பில் கயிறு இறுகியதுபோல் நெரிந்து நிற்கும். அதை எடுக்கக் காயை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் வலையை. கோழி வலையில் கொடிக்காய் வைப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. தூண்டில் நரம்பு போன்ற மிக மெல்லிய வலையில் இன்னொரு கேடும் உண்டு. பறவையும் பாம்பும் சிக்கிக்கொண்டு சாகும். காற்றில் தண்டு உரசி அறுபடும்.

மீன்வலை போல முடிச்சுப் போட்ட, வைர வடிவக் கண் வலை வாங்கினால் கணக்கில் ஏமாறுவது எளிது. அதன் கண் அளவைப் பெரும்பாலும் இழுத்துப் பிடித்த நிலையில், எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையில் அளந்து சொல்வார்கள். 10 செ.மீ. என்றால் ஒரு பக்கம் 5 செ.மீ.தான், விரித்தால் 5 செ.மீ. சதுரம். நீளமும் அப்படியே: இழுத்து அளந்த 10 மீட்டர், கண்கள் சதுரமாக விரியும்படி கட்டினால் 7 மீட்டர் சுவரைத்தான் மறைக்கும். உயரத்துக்கும் இதே விகிதம். 2 மீட்டர் உயரம் வேண்டுமென்றால் இழுத்த நிலையில் 2.8 மீட்டர் இருக்க வேண்டும்.

பொருள்

கடையில் ‘நைலான் வலை’ என்று தருவதெல்லாம் நைலான் அல்ல. பல நேரம் அது பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரோப்பிலீன். தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை உண்டு. முடிச்சில்லாத துண்டு ஒன்றை வெட்டி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் முக்கி, ஒட்டிய காற்றுக் குமிழியை விரலால் தேய்த்துவிடுங்கள். நைலான் மூழ்கும், மற்ற இரண்டும் மிதக்கும்.

இந்த வித்தியாசம் கட்டும்போது உதவும். நைலான் ஈரத்தில் நீளும். வெயில் நாளில் விறைப்பாகக் கட்டிய வலை மழையில் தொய்ந்து தொங்குவது இதனால்தான். நைலானை நனைத்துவிட்டு இறுக்கிக் கட்டுங்கள், காய்ந்ததும் தானே விறைக்கும். சணலுக்கு இது தலைகீழ். நனைந்தால் பருத்து நீளம் குறையும், அதனால் உலர்ந்த நிலையில் கட்ட வேண்டும். மிதக்கும் வகை இரண்டும் ஈரத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாது.

எந்த பிளாஸ்டிக்கானாலும் அதன் எதிரி வெயில். யு.வி. (புற ஊதாக் கதிர்) தடுப்புச் சேர்க்காத வலை பார்க்க நன்றாகவே இருக்கும். தொட்டால் பொடிப்பொடியாக உதிரும், அதுவும் காய் நிறைந்து பாரம் உச்சத்தில் இருக்கும்போது. உறையில் ‘யு.வி. ஸ்டெபிலைஸ்டு’ என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டு வலைகளுக்கு நடுவில் தயங்கினால் கறுப்பை எடுங்கள். கறுப்பு நிறம் தரும் கரித்தூளே புற ஊதாக் கதிரைத் தடுப்பதில் கெட்டிக்காரப் பொருள். பச்சையும் வெள்ளையும் அழகு, ஆனால் உள்ளே என்ன சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அவற்றின் ஆயுள்.

ஒரே ஒரு பருவம் பயிர் செய்துவிட்டு எல்லாவற்றையும் உரக்குழியில் போட விரும்பினால் சணல் நல்லது. நீடித்து உழைக்க வேண்டுமென்றால் தேங்காய்நார்க் கயிறு. அதில் லிக்னின் என்னும் மரப்பொருள் அதிகம், மட்குவது மெதுவாக. இரண்டிலும் முதலில் போவது மண்ணைத் தொடும் நுனி. கயிற்றை மண்ணில் புதைக்காமல், தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் குறுக்காக ஒரு கம்பி ஓட்டி அதில் கட்டிவிடுங்கள்.

கயிறு வாங்கி நீங்களே பின்னுவதானால் அளவு இப்படி: 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், 15 செ.மீ. கண். செங்குத்தாக 21 கயிறு, ஒவ்வொன்றும் 2 மீட்டர், ஆக 42. குறுக்காக 14 கயிறு, 3 மீட்டர் வீதம், அதுவும் 42. முடிச்சுக்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 100 மீட்டர் கயிறு. பீன்ஸுக்கு மட்டும் என்றால் செங்குத்து 21 போதும், 50 மீட்டரில் வேலை முடியும்.

சுரைக்கும் பூசணிக்கும் மெல்லிய வலை தாங்காது. ஒரு சுரைக்காயே ஒன்றிரண்டு கிலோ. 3 மி.மீ. கம்பியில், 10 அல்லது 15 செ.மீ. கண் உள்ள ஜி.ஐ. வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசிய, பற்றவைத்த இரும்புக் கம்பி வலை) இதற்குப் பொருத்தம். வாங்கும்போது பற்றவைத்த இடங்களைப் பாருங்கள். பற்றவைத்த பிறகு துத்தநாகம் பூசியிருந்தால் அந்த மூலைகளும் பூச்சு மூடியிருக்கும். முதலில் பூசிவிட்டுப் பிறகு பற்றவைத்தால் அங்கே பூச்சு எரிந்து கறுத்திருக்கும், துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். வெட்டிய முனைகள் கையைக் கிழிக்கும், மடக்கிவிடுங்கள்.

புடலையும் பீர்க்கனும் செங்குத்து வலையில் ஏறும், ஆனால் காய் வலையில் சாய்ந்து வளைந்துவிடும். நேரான காய் வேண்டுமானால் பந்தல்தான். தலைக்கு மேலே வலையைக் கிடையாக விரித்தால் காய் தடையின்றிக் கீழே தொங்கும்.

கட்டும்போது

வலை அறுந்து விழுவதைவிடக் கம்பம் சாய்ந்து விழுவதுதான் அதிகம். இலை மூடிய வலை ஒரு பாய்மரம். 50 கி.மீ. வேகக் காற்று, இடைவெளியே இல்லாத 6 சதுர மீட்டர் சுவரை ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். இலைச் சுவரில் சந்து இருப்பதால் அவ்வளவு வராது, ஆனாலும் ஈர மண்ணில் நட்ட கம்பத்தைச் சாய்க்கப் போதும்.

2.5 மீட்டர் கம்பத்தில் 50 முதல் 60 செ.மீ. மண்ணுக்குள் போகட்டும். கம்பங்களுக்கு இடையில் 1.5 மீட்டர், மிஞ்சினால் 2 மீட்டர். இரு முனைக் கம்பங்களுக்கும் வெளிப்பக்கம் சாய்வாக இழுகம்பி கொடுங்கள். மேலே 12 கேஜ், அதாவது 2.6 மி.மீ. ஜி.ஐ. கம்பி. வலையின் மேல் வரிசையில் ஒவ்வொரு கண்ணிலும் இந்தக் கம்பியைக் கோத்து ஓட்ட வேண்டும். நான்கு மூலையில் மட்டும் கட்டினால் பாரமெல்லாம் அந்த நான்கு முடிச்சில் ஏறி, நடுவில் தொட்டில் கட்டியதுபோல் தொங்கும். பக்கவாட்டில் 30 செ.மீ.க்கு ஒரு கட்டு. பிளாஸ்டிக் கயிற்றின் வெட்டிய முனையை ஒரு நொடி தீயில் காட்டினால் பிரியாது. உருகிய முனையைத் தொட வேண்டாம்.

இதையெல்லாம் விதைக்கும் முன்பே முடித்துவிடுங்கள். கொடி படர்ந்த பிறகு கம்பம் நட்டால் வேர் அறும். நாற்றுக்கும் வலையின் அடிக்கும் நடுவில் ஒரு குச்சி சொருகினால் முதல் பிடி கிடைத்துவிடும், அப்புறம் அதுவே ஏறிக்கொள்ளும்.

பயிர் முடிந்ததும்

பச்சையாக இழுத்தால் வலைதான் கிழியும். தண்டை அடியில் வெட்டிவிட்டு ஒரு வாரம் காயவிட்டால் இலை உதிர்ந்து, கொடி கையிலேயே நொறுங்கும். நோய் கண்ட கொடி என்றால் சணல் வலையையும் சேர்த்து அப்புறப்படுத்துங்கள், உரக்குழிக்கு வேண்டாம். மிதக்கும் வகை பிளாஸ்டிக் வலையை ஒரு பங்கு ப்ளீச், ஒன்பது பங்கு தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து அலசலாம். நைலானுக்கு இது கூடாது, ப்ளீச் அதன் நூலை அரிக்கும். சோப்புத் தண்ணீரே போதும். காய்ந்ததும் ஒரு குச்சியில் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, வெயில் படாத இடத்தில், எலிக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். பந்தாகச் சுருட்டி மூலையில் எறிந்தால் அடுத்த பருவத்தில் சிக்கெடுக்க அரை நாள் போகும்.