ஒரு துறைக்குள் அடங்காத அசைன்மென்ட்டை எப்படித் தயாரிப்பது?

இரண்டு செமஸ்டர் சரியாக வராமல், மூன்றாவதில் கைகூடிய முறை இது.

படி 1: தலைப்பு கொடுக்காதீர்கள், கேள்வி கொடுங்கள்.
'நீர் மாசு' என்றால் எங்கிருந்தோ எடுத்த கட்டுரைதான் வரும். 'நம் வளாகத்தில் குழாய்த் தண்ணீரை ஏன் பலர் குடிப்பதில்லை?' என்று கேளுங்கள். வேதியியல், சமூகவியல், செலவுக் கணக்கு எல்லாம் தானாக உள்ளே வரும். அப்புறம், ஏதாவது ஒரு துறையை அடித்துவிட்டுப் பாருங்கள். மிச்சத்தை வைத்தே விடை எழுத முடிந்தால், கேள்வியை மாற்ற வேண்டும்.

இதற்கு வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் 1854 லண்டன் காலரா. ஜான் ஸ்னோ மருத்துவர்தான். ஆனால் இறப்புப் பட்டியலோடு தெருவில் இறங்கி, யார் எந்தக் குழாயில் தண்ணீர் எடுத்தார்கள் என்று விசாரித்தார். இறப்புகளை வரைபடத்திலும் குறித்தார். மருத்துவ அறிவு மட்டும் அவரை, காலராவைப் பரப்பிய பிராட் தெரு அடிகுழாய் வரை கொண்டுபோயிருக்காது.

படி 2: சுதந்திரத்துக்கு வரப்பு கட்டுங்கள்.
நான் தடுமாறியது இங்கேதான். 'எதை வேண்டுமானாலும் செய்யுங்கள்' என்றேன். மூன்று வாரம் கழித்தும் 'எத்தனை பக்கம் சார்?' என்பதுதான் கேள்வி. எங்கே தொடங்குவதென்றே அவர்களுக்குத் தெரியவில்லை. இப்போது மூன்றை நானே முடிவு செய்கிறேன்: கேள்வி, கெடு, அவர்களே திரட்டிய ஒரு சான்றாவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. எந்தத் துறைகள், யாருக்காக, எந்த வடிவம் என்பதெல்லாம் அவர்கள் முடிவு.

தொடங்கும் முன் ஒரு பக்க முன்வரைவு வாங்குங்கள். அதற்கு மதிப்பெண் வேண்டாம், பேச்சு போதும். வீடியோ எடுப்பதாக எழுதியிருந்த மாணவியிடம் 'இதை யார் பார்க்க வேண்டும்?' என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். 'விடுதிக் காப்பாளர்' என்றார். வீடியோவை அடித்துவிட்டு, பரிசோதனை முடிவுகளோடு ஒரு கடிதம் என்று அவரே மாற்றி எழுதினார்.

படி 3: மதிப்பீடு.
கட்டம் கட்டமான ரூப்ரிக் (எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று சொல்லும் அட்டவணை) எனக்குப் பிடிக்காது. மாணவர்கள் கட்டத்தை நிரப்பத்தான் எழுதுவார்கள். என் மதிப்பீட்டுத் தாளில் நடுவில் எதிர்பார்ப்பு, இருபுறமும் நான் குறிப்பெழுத வெற்றிடம், அவ்வளவே. 100-க்கு 30 மதிப்பெண் துறைகளை இணைத்த விதத்துக்கு.

பின்சேர்க்கை: குழுவாகக் கொடுத்தால் ஆளுக்கொரு துறையை எழுதி ஒட்டித் தருகிறார்களே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எனக்கும் நடந்தது. பாதியில் பகுதிகளை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வேதியியல் மாணவர் எழுதியதை வரலாற்று மாணவர் தொடர வேண்டும். புரியாத இடத்தில் எழுந்துபோய்க் கேட்டே ஆக வேண்டும்.